கணினியில் இசைத்தாள் அச்சுக்கோத்தல்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

பாடத் தெரிந்தவர் பலர். பாடியதை எழுதி வைக்கத் தெரிந்தவர் சிலர். எழுதியதைப் பிறர் தடுமாறாமல் படித்துப் பாடும்படி தாளில் அமர்த்தத் தெரிந்தவர்களோ மிகச் சிலரே. அந்த மூன்றாவது வேலையைப் பற்றியே இக்கட்டுரையில் காணப் போகிறோம். நம் பாடகர் குழுவில் பாடும் தோழியருக்கு இது நேரே பயன்படும். பாடாத தோழியர் இதைக் கணக்குப் பாடமாக எண்ணிப் படிக்கலாம். பாதிக்கு மேல் இதில் கணக்குத்தான் இருக்கிறது.

கோடுகளின் மேல் சுரங்களை எழுதும் முறையை ஒழுங்கு செய்தவர் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெனடிக்ட் சபைத் துறவி, அரெஸ்ஸோ நகர் குய்தோ ஆவார். 1501இல் வெனிஸ் நகரில் ஒத்தாவியானோ பெத்ருச்சி என்பவர் பல குரல் பாடல்களை அச்செழுத்துகளைக் கொண்டு அச்சிட்டு வெளியிட்டார். பின்வந்த நூற்றாண்டுகளில் உலோகத் தகட்டில் செதுக்கும் முறை ஓங்கியது. ஐந்து பற்கள் கொண்ட ஒரு கருவியால் ஐந்து கோடுகளையும் ஒரே இழுப்பில் இழுப்பார்கள். பிறகு எஃகு முளைகளைத் தகட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்துச் சுரங்களைப் பதிப்பார்கள். அத்தனையும் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றிச் செய்ய வேண்டும்! பிழை நேர்ந்தால் தகட்டைக் கவிழ்த்துப் பின்புறமிருந்து தட்டிச் சமப்படுத்திவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். ரப்பரால் அழிப்பது போன்ற எளிய வேலையா அது? ஆகவே அந்தத் தொழிலாளர் முதல் அடி விழுமுன்பே எந்த வரியில் எத்தனை பார், எந்தச் சுரத்துக்கு எவ்வளவு இடம் என்று கணக்கிட்டு முடித்திருப்பார்.

இன்று அந்தக் கணக்கைக் கணினி செய்கிறது. அதற்கான மென்பொருள்களில் ஒன்று லிலிபாண்ட். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நீவன்ஹாய்சன் என்னும் இருவர் 1996இல் இதைத் தொடங்கினர். விலை இல்லை, யாரும் இறக்கிக் கொள்ளலாம். பழைய செதுக்குத் தொழிலாளர்களின் கைவண்ணத்தையே இவர்கள் முன்மாதிரியாக வைத்துக் கொண்டனர் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. எடுத்துக்காட்டாக, ஒரு சுரத்தின் நீளம் இரண்டு மடங்கானால் அதற்குத் தாளில் விடும் இடமும் இரண்டு மடங்காவதில்லை; சற்றே கூடுகிறது. இது அந்தத் தொழிலாளர்கள் கண்டறிந்த வழி.

மற்ற மென்பொருள்களில் சுட்டெலியால் சுரத்தைப் பிடித்து இழுத்து வைப்பார்கள். லிலிபாண்டில் அப்படி இல்லை. கடிதம் எழுதுவது போல எழுத்தாகவே எழுத வேண்டும். சுரங்களுக்கு ஆங்கில எழுத்துகள் ஏழு. அவற்றின் பின் நீளத்தைக் காட்டும் எண். 4 என்றால் கால் சுரம், 8 என்றால் அரைக்கால், 16 என்றால் நம் பாட்டிமார் சொல்லும் வீசம். எண்ணுக்குப் பின் ஒரு புள்ளி வைத்தால் அச்சுரம் தன்னில் பாதி கூடும். கட்டளைகள் யாவும் பின்சாய்வுக் கோட்டுடன் தொடங்கும் ஆங்கிலச் சொற்கள்; இங்கே அவற்றைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். எழுதி முடித்து ஆணையிட்டால் பக்கம் அழகாக வந்து நிற்கும்.

நிற்கும் என்று சொன்னோமே தவிர, எப்போதும் நிற்பதில்லை. வரி தாளை விட்டு ஓடும்; பாடல் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்; கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தில் அநாதையாகக் கிடக்கும். அப்போது எங்கேயாவது தள்ளி, எதையாவது சுருக்கி, ஒப்பேற்றத்தான் கை துடிக்கும். ஆனால் கோளாறு கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று. பிறந்த இடம் பெரும்பாலும் வேறொன்று. பிறந்த இடத்தைத் தேடுவது எப்படி என்று சொல்லவே இத்தனை முன்னுரை.

நம் குழு சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் தயாரித்த பாடல்களுள் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 'ஸ்டில்லே நாக்ட்' என்று ஜெர்மன் மொழியிலும் 'சைலன்ட் நைட்' என்று ஆங்கிலத்திலும் உலகம் அறிந்த பாடல் அது. ஜோசப் மோர் என்னும் குருவானவர் 1816இல் எழுதிய கவிதைக்கு ஃபிரான்ஸ் சேவியர் குரூபர் மெட்டமைக்க, ஆஸ்திரிய நாட்டு ஓபெர்ன்டோர்ஃப் சிற்றூரில் 1818 டிசம்பர் 24 அன்று முதன்முதலாகப் பாடப்பட்டது. 6/8 தாளத்தில் 12 பார் கொண்ட சிறிய பாட்டு. இதிலா கோளாறு வரும் என்று தோன்றும். வரும்.

இதன் முதல் பாரைக் கணக்கிடுங்கள். புள்ளியிட்ட அரைக்கால் ஒன்று, அதாவது 3 வீசம். அடுத்தது 1 வீசம். அடுத்த அரைக்கால் 2 வீசம். கடைசியில் புள்ளியிட்ட கால், 6 வீசம். மொத்தம் 12 வீசம். 6/8 சரியாக நிறைந்துவிட்டது. இப்போது தட்டச்சு செய்யும்போது முதல் சுரத்தின் புள்ளி ஒன்று விட்டுப்போனதாக வைத்துக் கொள்வோம். பாரில் 11 வீசமே இருக்கும். மீதி ஒரு வீசத்தை நிரப்ப இரண்டாம் பாரின் முதல் சுரம் முன்னே வந்து நுழையும். அச்சுரத்தின் மிச்சம் பார்க்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நிற்கும். இரண்டாம் பார் இடம்பெயர்ந்தால் மூன்றாவதும் பெயரும். இப்படியே கடைசி வரை.

லிலிபாண்டுக்கு ஒரு விதி உண்டு. வரியைப் பார்க்கோட்டில்தான் முறிக்கும். அந்தக் கோட்டின் மேல் ஏதேனும் ஒரு சுரம் நீண்டு கிடந்தால் அங்கே முறிக்காது. இந்தப் பாட்டில் ஒவ்வொரு பாரின் முதல் சுரமும் ஒரு வீசத்தைவிட நீளமானது. ஆதலால் ஒரு புள்ளி விட்டுப்போனதும் எல்லாக் கோடுகளின் மேலும் சுரம் கிடக்கும். முறிக்க ஓரிடமும் இல்லை. விளைவு? 12 பாரும் ஒரே வரியாகித் தாளின் வலது ஓரத்தைத் தாண்டி வெளியே ஓடிவிடும்!

பார்ப்பவர், "தாள் போதவில்லை, எழுத்தைச் சிறிதாக்கு, தாளைக் குறுக்கே திருப்பு" என்பார். எத்தனை சிறிதாக்கினாலும் தீராது. ஏனெனில் நோய் அகலத்தில் இல்லை, ஒரு புள்ளியில் இருக்கிறது. இதற்கு மருந்து, ஒவ்வொரு பார் முடிவிலும் ஒரு நெட்டுக்கோடு தட்டி வைப்பது. அதற்குப் பார் சோதனை என்று பெயர். அந்த இடத்தில் பார் நிறையவில்லையானால், எத்தனையாவது வரியில் கணக்கு உதைக்கிறது என்று மென்பொருளே எச்சரிக்கும். பல எச்சரிக்கைகள் வந்தால் முதலாவதை மட்டும் திருத்துங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகளே, தாமே மறைந்துவிடும். பார் நடுவில் தொடங்கும் பாடல்களுக்கு 'பார்ஷியல்' என்னும் கட்டளையால் முதல் துண்டின் அளவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இதே வகைக் குழப்பம்தான்.

எழுதும் இடமும் பக்கமும் அருகருகே தெரிவதற்கு ஃபிரெஸ்கோபால்டி என்னும் துணை மென்பொருள் உண்டு. பக்கத்தில் கோணலாக நிற்கும் சுரத்தைச் சொடுக்கினால், அதை எழுதிய இடத்துக்கே நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். உரோமைப் புனித பேதுரு பேராலயத்தில் ஆர்கன் வாசித்த ஜிரோலமோ ஃபிரெஸ்கோபால்டியின் (1583–1643) பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள் என்று அறிந்து நம் அருட்சகோதரிகள் மகிழ்ந்தார்கள்.

இனி நமக்கே உரிய தொல்லைக்கு வருவோம். அதுதான் தமிழ்ச் சொற்களைச் சுரங்களின் கீழே அமர்த்துவது.

தமிழ் எழுத்துகள் லிலிபாண்டில் நன்றாகவே வருகின்றன. கோப்பை 'யூடிஎஃப்-8' முறையில் சேமிக்க வேண்டும், நல்ல தமிழ் எழுத்துரு கணினியில் இருக்க வேண்டும், அவ்வளவே. எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள்.

சொல்லை எங்கே பிரிப்பது? இங்கேதான் தமிழ் இலக்கண வகுப்பு கைகொடுக்கிறது; முழுவதும் அல்ல, பாதி. யாப்பிலக்கணத்தில் அலகிட்டுப் பழகியவர்களுக்கு 'அம்மா' என்பது 'அம் – மா' என்று உடனே தெரியும். புள்ளி வைத்த மெய் முன்னெழுத்தோடுதான் சேரும். ஒரு துண்டின் தலையில் நிற்காது. ஆனால் 'மரியே' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். யாப்பில் 'மரி' நிரையசை, 'யே' நேரசை, அசை இரண்டு. பாட்டிலோ ம, ரி, யே என்று மூன்று சுரம் கேட்கும். 'மலர்' யாப்பில் ஒரே அசை. பாட்டில் 'ம – லர்' என்று இரண்டு சுரத்தில் அமரலாம். யாப்பில் இரு குறில் இணைந்தால் ஓரசை. இசையில் ஒவ்வோர் உயிர் ஒலிக்கும் ஒரு சுரம் கிடைக்கலாம். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பிரிப்பதில் குழப்பம் வராது. துண்டுகளுக்கு நடுவே, இரு பக்கமும் இடம் விட்டு, இரண்டு சிறு கோடுகள் தட்ட வேண்டும்.

ஓர் உயிரொலி இரண்டு சுரங்களுக்கு நீளும்போது இன்னொரு சிக்கல். நாம் எடுத்துக்கொண்ட பாட்டில் முதல் துண்டே அப்படித்தான் முதல் இரு சுரங்களுக்கு நீள்கிறது. அந்த இரண்டையும் பிறை அடைப்புக்குள் வைத்து 'ஸ்லர்' என்னும் வளைவு போட்டால், "இங்கே ஒரே துண்டுதான்" என்று லிலிபாண்ட் புரிந்துகொள்ளும். வளைவு இல்லையானால் இரண்டாம் துண்டை இரண்டாம் சுரத்தின் கீழே போட்டுவிடும். அதன்பின் பாட்டு முழுவதும் சொற்கள் ஒரு சுரம் முந்தியே நிற்கும். கடைசியில் சுரம் இருக்கும், சொல் இராது. கடைசிச் சுரம் வெறுங்கையோடு நின்றால் அங்கே பார்க்காதீர்கள்; தொடக்கத்திலிருந்து வளைவுகளைத் தேடுங்கள்.

அடுத்தது அகலம். 'விண்', 'மீன்', 'மாண்' போன்ற துண்டுகள் ஆங்கிலத்தின் சிறு துண்டுகளைவிடத் தாளில் அகலம் கூடியவை. சொல்லுக்கு இடம் வேண்டுமென்று மென்பொருள் சுரங்களை விலக்கி வைக்கிறது. சுரங்கள் விலகினால் வரியில் அடங்கும் பார் குறைகிறது. பார் குறைந்தால் வரி கூடுகிறது. வரி கூடினால் பக்கம் கூடுகிறது. மூன்று சரணங்களையும் சுரங்களின் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாலோ, மூன்றிலும் எது அகலமோ அதுவே எல்லாவற்றுக்கும் அகலத்தை விதிக்கும்.

பாடல் எழுத்தை ஒரு படி சிறிதாக்கலாம். ஆறு படி இறங்கினால் அளவு பாதியாகும் என்பது லிலிபாண்டின் ஏற்பாடு. ஆகவே ஒரு படிக்கு ஏறத்தாழ 11 விழுக்காடு குறையும். ஒரு படி போதும். இரண்டு படி குறைத்தால் ஆறாம் வகுப்புத் தங்கையர் தாளை மூக்கருகே கொண்டுபோகிறார்கள். முகத்தைத் தாள் மறைத்தால் குரல் எங்கே கேட்கும்? முதல் சரணத்தை மட்டும் சுரத்தின் கீழ் வைத்து, மற்ற இரண்டையும் பக்கத்தின் அடியில் கவிதை போல அச்சிடுவதே சிறந்த வழி என்பது நம் முடிவு. மெட்டு மனத்தில் பதிந்தபின் யாரும் சுரம் பார்த்து மூன்றாம் சரணம் பாடுவதில்லை.

வரி முறிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லிலிபாண்ட் ஒவ்வொரு வரியாக நிரப்பிக்கொண்டு போவதில்லை. டொனால்டு குனுத் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1978இல் வெளியிட்ட 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள் பத்தி முழுவதையும் ஒன்றாக எடை போட்டு வரி பிரிப்பது போல, இதுவும் பாட்டு முழுவதையும் நோக்கி, எப்படிப் பிரித்தால் எல்லா வரிகளும் சீராக இருக்கும் என்று தேர்ந்தெடுக்கிறது. கண்ணுக்கு அது அழகே. ஆனால் மூச்சு எங்கே வாங்குவது என்று அதற்குத் தெரியாது. இந்தப் பாட்டு இரண்டு இரண்டு பாராக மூச்சு விடும் பாட்டு. 12 பாரை வரிக்கு மூன்றாக நான்கு வரியில் அமைத்தால் பக்கம் சீராக இருக்கும். பாட்டோ நடுவில் வெட்டுப்படும். சிறுமியர் வரி முடியும் இடத்தில் மூச்சு வாங்குவார்கள். இதை எந்த ஒத்திகையிலும் பார்க்கலாம். எனவே நான்காம், எட்டாம் பார்களின் முடிவில் 'பிரேக்' என்னும் கட்டளையை நாமே எழுதி, வரிக்கு நான்கு பாராக மூன்று வரி செய்தோம். நான்கு பார் நெருக்கமாகத் தோன்றினால் இரண்டு பாராக ஆறு வரி. மூன்று பார் என்பது மட்டும் கூடாது. இது கண்ணுக்கும் மூச்சுக்கும் நடக்கும் வழக்கு. பாடும் தாளில் மூச்சே வெல்ல வேண்டும் என்பது நம் கட்சி.

கடைசி வரி மட்டும் மறுபக்கம் போகும் தொல்லைக்கு வருவோம். 'பேஜ்-கவுன்ட்' 1 என்று எழுதி ஒரே பக்கத்தில் அடக்கச் சொல்லலாம். மென்பொருள் முயலும், சில வேளை வரிகள் ஒன்றையொன்று இடிக்கும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. 'அனொடேட்-ஸ்பேசிங்' என்னும் கட்டளையை இட்டால் வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடம், எதனால் என்று அம்புக்குறி போட்டுப் பக்கத்திலேயே காட்டும். இடம் எங்கே வீணாகிறது என்று அப்போது விளங்கும். பெரும்பாலும் தலைப்பின் கீழோ, உச்சத்தில் ஒரே ஒரு சுரம் நிற்கும் வரியின் மேலோதான் இருக்கும்.

அதன்பிறகே கோடுகளின் அளவு. லிலிபாண்ட் தானாக எடுத்துக்கொள்வது 20. அதாவது ஐந்து கோடுகளின் மொத்த உயரம் 7 மி.மீ. பாட்டுப் புத்தகங்களுக்கு ஏறத்தாழ 18, அதாவது 6.3 மி.மீ. ஏற்றது என்று அதன் கையேடு கூறுகிறது. பாடும் நமக்கு அது போதும். ஆனால் ஆர்கன் வாசிக்கும் அருட்சகோதரிக்கு எழுபது வயது கடந்துவிட்டது. பல ஆண்டுகளாகத் தம் கையால் எழுதிய தாள்களைக் கொண்டே வாசித்து வந்தவர்கள். அத்தாள்களில் மை மங்கிவிட்டது. மடித்த இடங்களில் சுரம் தேய்ந்துவிட்டது. அவர்களுக்காகத்தான் இந்த வேலையையே தொடங்கினோம். 18 அளவில் அச்சிட்டதைக் கொடுத்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தாள் ஒன்றா இரண்டா என்பது உங்கள் கவலை, பிள்ளைகளா, எனக்குக் கோடு தெரிய வேண்டும்" என்றார்கள்.

எழுத்தால் எழுதும் முறையின் அருமை அப்போதுதான் நன்றாக விளங்கிற்று. சுரங்களை ஒரு பெயரிட்டு ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், அப்பெயரை எத்தனை தாளிலும் அழைக்கலாம். பாடுவோருக்கு 18 அளவில் ஒரு தாள். ஆர்கனுக்கு 22 அளவில் வேறொரு தாள். ஒரு சுரத்தைத் திருத்தினால் இரண்டிலும் திருந்தும். ஆர்கன் தாள் இரண்டு பக்கம் ஆயிற்று. வாசிக்கும்போது இரு கையும் வேலையாக இருக்கும். பக்கம் புரட்ட முடியாது. ஆகவே முதல் பக்கத்துக்கு 2 என எண் கொடுத்தோம். புத்தகத்தில் இரட்டைப்படைப் பக்கம் இடப்புறம் வரும். அதனால் 2ஆம் 3ஆம் பக்கங்கள் விரித்தபடியே எதிரெதிரே நிற்கும். புரட்டவே தேவையில்லை.

மோதல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சொப்ரானோ, ஆல்டோ இரு குரலும் ஒரே ஐங்கோட்டில் வரும்போது 'வாய்ஸ்-ஒன்', 'வாய்ஸ்-டூ' என்று சொன்னால் மேற்குரலின் தண்டுகள் மேலே, கீழ்க்குரலின் தண்டுகள் கீழே என்று விலகிக்கொள்ளும். மெதுவாக, உரக்க என்னும் குறிகள் பாடற்சொற்களின் மேல் விழுந்தால் 'டைனமிக்-அப்' என்று ஒருமுறை எழுத, எல்லாம் ஐங்கோட்டின் மேலே போய்விடும்.

ஒன்று மற்றொன்றை உரசினால் 'பேடிங்' என்பதைக் கூட்டலாம். அது அப்பொருளைச் சுற்றிக் காற்றுவெளியைக் கூட்டுவது. பக்கத்தில் உள்ளவை தாமே விலகி வழிவிடும். 'எக்ஸ்ட்ரா-ஆஃப்செட்' என்பது வேறு. எல்லா இடக்கணக்கும் முடிந்தபின் அப்பொருளை மட்டும் பிடித்துத் தள்ளுவது அது; மற்றவை வழிவிடமாட்டா. ஒரு சரணத்தில் சொல்லை மாற்றினாலும் கணக்கு மாறும். தள்ளிய பொருள் புதிய பக்கத்தில் எங்கோ சம்பந்தமின்றி நிற்கும். ஆகையால் அதைச் சொற்களும் சுரங்களும் முற்றிலும் திருந்தியபின், கடைசி நாளில் மட்டுமே தொட வேண்டும். வகுப்பில் பெஞ்சுகளை ஒழுங்காகப் போட்டுவிட்டு அதன்பின் ஒரு பெஞ்சை அரை அடி நகர்த்துவது வேறு; போடுவதற்கு முன்பே நகர்த்தத் தொடங்குவது வேறு.

எல்லாம் முடிந்து அச்செடுக்கும்போது ஓர் அளவுகோல் கையில் இருக்கட்டும். முதல் தாள் வந்ததும் ஐங்கோட்டின் உயரத்தை அளந்து பாருங்கள். 20 அளவுக்கு 7 மி.மீ., 18 அளவுக்கு 6.3 மி.மீ. இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் எழுதியதில் குற்றம் தேட வேண்டாம். அச்சு எந்திரத்துக்கு ஆணையிடும் பெட்டியில் தாளுக்கு ஏற்பச் சுருக்கும்படி குறி விழுந்திருக்கும். அதை எடுத்துவிட்டு 'ஆக்சுவல் சைஸ்' என்பதைத் தேர்ந்து, அதன்பிறகு மற்றத் தாள்களை எடுக்கவும்.